முன்பருவக் குழந்தைகளின் சிந்தனைத் திறன்களும் சமூக நடத்தையும்: விதியை அறிதலுக்கும் விதிப்படி ஒழுகுதலுக்கும் இடையிலான தொலைவு

ஆய்வுச் சுருக்கம்

மூன்று முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளின் நடத்தையைப் பெரியோர் பெரும்பாலும் ஒழுக்கத்தின் அளவுகோலால் அளக்கின்றனர். காத்திராமை, பறித்தல், பகிராமை, பொய் கூறல் முதலியன குணக்குறைகளாகக் கொள்ளப்படுகின்றன. இவற்றுள் பல, விதியை அறியாமையாலோ மீறும் எண்ணத்தாலோ தோன்றுவன அல்ல. அறிந்த விதியைச் செயலில் நிறுத்துதற்குரிய சிந்தனைத் திறன்கள் முதிராமையால் தோன்றுவன என்பதை இக்கட்டுரை உளவியல் ஆய்வுகளின் வழி விளக்குகிறது. அத்திறன்கள் முதிர்வதால் மட்டும் நன்னடத்தை அமைந்துவிடுவதில்லை என்பதும், மொழியும் விளையாட்டும் நம்பத்தக்க பெரியோரின் துணையும் அதற்கு இன்றியமையாதன என்பதும் எடுத்துக்காட்டப்படுகின்றன. தமிழின் எடுத்துரைப்புச் சொல்லமைப்பு, பிள்ளைத்தமிழ்ப் பருவங்கள், மரபு விளையாட்டுகள் ஆகியன இப்பொருளோடு கொண்டுள்ள தொடர்பும் சுட்டப்படுகிறது.

திறவுச் சொற்கள்: சிந்தனைத் திறன், தன்னடக்கம், செயல்நினைவு, மனநெகிழ்வு, பிறர்மனம் அறிதல், முன்பருவக் கல்வி, பிள்ளைத்தமிழ், மரபு விளையாட்டு.

முன்னுரை

மழலையர் வகுப்பில் தண்ணீர் குடிக்கச் செல்லும் நேரத்தில் அன்றாடம் காணத்தக்க காட்சி ஒன்றுண்டு. ‘எப்படிப் போகவேண்டும்?’ என்று ஆசிரியர் வினவுகிறார். ‘வரிசையில் போகவேண்டும்’ என்று மூன்றரை வயதுக் குழந்தை உரக்க விடை கூறுகிறது. கூறிய மறுகணமே முன்னால் நிற்கும் பிள்ளையைத் தள்ளிக்கொண்டு குழாயை நோக்கி ஓடுகிறது. ‘தெரிந்தே செய்கிறது’ என்பது பெரியோரின் முடிவு. அம்முடிவைத் தொடர்ந்து ‘அடங்காத பிள்ளை’ என்னும் பெயர் அமைகிறது. பெயரைத் தொடர்ந்து தண்டனை வருகிறது.

குழந்தைக்கு விதி தெரியும் என்பதில் ஐயமில்லை. ஆயின், தெரிந்த விதி ஓடும் காலைத் தடுக்கும் ஆற்றலாக அதனிடம் இன்னும் வளர்ந்திருக்கிறதா என்பது வேறு வினா. இவ்விரு வினாக்களையும் ஒன்றெனக் கொள்வதே முன்பருவக் குழந்தைகளைப் பற்றிய பல தவறான தீர்ப்புகளுக்கு அடிப்படையாகிறது.

சிந்தனைத் திறன்: பொருள் வரையறை

‘சிந்தனைத் திறன்’ என்னும் தொடர் பொதுவழக்கில் கணக்குப் போடுதல், புதிர் விடுவித்தல், காரணம் காணல் முதலியவற்றைக் குறிக்கும். குழந்தையின் சமூக நடத்தையோடு நெருங்கிய தொடர்புடையனவாக ஆய்வாளர் கருதுவன நான்கு. எழும் உந்துதலை நிறுத்தி வைக்கும் தன்னடக்கம் முதலாவது. ஒரு செய்தியைச் செயல் முடியும் வரை மனத்தில் ஏந்தி நிற்கும் செயல்நினைவு இரண்டாவது. ஒரு நோக்கிலிருந்து மற்றொரு நோக்கிற்கு மாறும் மனநெகிழ்வு மூன்றாவது. தான் அறிவதும் விரும்புவதும் பிறர் அறிவதினின்றும் விரும்புவதினின்றும் வேறாகலாம் என்று உணரும் பிறர்மனம் அறிதல் நான்காவது.

முதல் மூன்றும் ஒன்றோடொன்று தொடர்புடையன எனினும் தனித்தனியே பிரித்தறியத் தக்கன என்பதை 2000ஆம் ஆண்டில் அகிரா மியாகே குழுவினர் கல்லூரி மாணவரிடையே நிகழ்த்திய ஆய்வு காட்டியது. சிறு குழந்தைகளிடம் இவை அவ்வளவு தெளிவாகப் பிரிவதில்லை. இத்திறன்களுக்கு நிலைக்களனாகிய முன்மூளைப் பகுதி இருபது வயதைக் கடந்தும் முதிர்ந்துகொண்டே இருக்கிறது. எனினும் மூன்றிலிருந்து ஆறு வயது வரையிலான காலத்தில் இத்திறன்களில் காணப்படும் வளர்ச்சி விரைவானது. நான்கு வயதுக் குழந்தையை ஐந்து வயதுக் குழந்தையோடு ஒப்பிட்டுக் குறை கூறுவது ஏன் பொருந்தாது என்பதற்கு இதுவே விடை.

அறிந்த விதியும் அடங்காத கையும்

விதியை அறிதலும் விதிப்படி ஒழுகுதலும் வேறு வேறு என்பதற்குத் தெளிவான சான்று சீட்டுப் பிரிப்புச் சோதனையாகும். பிலிப் செலாசோ, டக்ளஸ் ஃபிரை ஆகியோர் 1990களில் இதனை வளர்த்தெடுத்தனர். சிவப்பு முயல், நீலப் படகு என இருவகைப் படச்சீட்டுகள் குழந்தையிடம் தரப்படுகின்றன. முதலில் நிறத்தைக் கொண்டு பிரிக்குமாறு கூறப்படுகிறது. மூன்று வயதுக் குழந்தை இதனைப் பிழையின்றிச் செய்கிறது. பின்னர் விதி மாற்றப்படுகிறது. இப்போது உருவத்தைக் கொண்டு பிரிக்கவேண்டும். மூன்று வயதுக் குழந்தைகள் பலர் பழைய விதிப்படியே சீட்டுகளை இடுகின்றனர். ‘முயல் எங்கே போகவேண்டும்?’ என்று கேட்டால் புதிய விதிப்படி சரியான பெட்டியைச் சுட்டிக்காட்டும் குழந்தை, சீட்டைக் கையில் கொடுத்ததும் பழைய பெட்டியிலேயே இடுகிறது. ஐந்து வயதளவில் பெரும்பாலானோர் இத்தடையைக் கடக்கின்றனர்.

இங்குக் குழந்தைக்கு மீறும் விருப்பம் இல்லை. மீறுவதால் வரும் ஆதாயமும் இல்லை. பழகிய விதியின் இழுப்பை நிறுத்திப் புதிய விதிக்கு இடந்தரும் ஆற்றல் மட்டுமே போதாமல் இருக்கிறது. தண்ணீர்க் குழாய்க் காட்சியில் தாகத்தின் இழுப்பும் சேர்ந்துகொள்கிறது. பட்டத்தைக் கீழே வைத்துவிட்டுச் சாப்பிட வா என்றழைக்கையில் எழும் அழுகையும், வீட்டில் உரக்கப் பேசிப் பழகிய பிள்ளை வகுப்பில் குரல் தாழ்த்த இயலாமையும் இவ்வகையில் வைத்து எண்ணத்தக்கன.

காத்திருத்தலும் நம்பிக்கையும்

தன்னடக்கத்தைப் பற்றிய ஆய்வுகளுள் பரவலாக அறியப்பட்டது வால்டர் மிஷெல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் 1960களின் பிற்பகுதியில் தொடங்கிய இனிப்புச் சோதனையாகும். உடனே உண்டால் ஒன்று, காத்திருந்தால் இரண்டு என்பது அதன் நிபந்தனை. இனிப்பைக் கண்முன் வைத்து அதனையே எண்ணிய குழந்தைகள் விரைவில் தளர்ந்தனர். வேறு மகிழ்ச்சியான செய்தியை எண்ணுமாறு கூறப்பட்டவர்கள் நெடுநேரம் காத்திருந்தனர். காத்திருத்தல் மனவுறுதியால் மட்டும் அமைவதன்று. கவனத்தை வேறுபக்கம் திருப்பும் உத்தியால் அமைவது என்பதே இவ்வாய்வின் முதன்மைப் பயன்.

இச்சோதனையைக் கொண்டு குழந்தையின் எதிர்காலத்தையே கணித்துவிடலாம் என்ற கருத்துப் பின்னர்ப் பரவியது. அதனைத் திருத்தும் இரண்டு ஆய்வுகள் கருதத்தக்கன. முதலாவது, ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் குழுவினர் 28 குழந்தைகளிடம் நிகழ்த்தி 2013இல் வெளியிட்டது. சோதனைக்கு முன்னரே ஒரு பிரிவினர்க்குப் பெரியவர் தந்த வாக்கைக் காத்தார்; மற்றொரு பிரிவினர்க்குக் காக்கவில்லை. வாக்குக் காக்கப்பட்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தனர். ஏமாற்றப்பட்டோர் 3 நிமிட அளவிலேயே இனிப்பை உண்டனர். இரண்டாவது, டைலர் வாட்ஸ் குழுவினர் 900க்கு மேற்பட்ட குழந்தைகளின் தரவுகளைக் கொண்டு 2018இல் வெளியிட்டது. குடும்பப் பின்னணி, இல்லச் சூழல், முன்னைய அறிதிறன் ஆகியவற்றைக் கணக்கில் கொண்டபோது, காத்திருத்தலுக்கும் பிற்காலக் கல்வியடைவுக்கும் இடையிலான தொடர்பு மிகவும் குறைந்துபோனது.

‘நாளை வாங்கித் தருகிறேன்’ என்ற சொல் பலமுறை பொய்த்த வீட்டில் வளரும் குழந்தை, கைக்கு எட்டியதை உடனே எடுத்துக்கொள்வது பட்டறிவு தந்த முடிவாகலாம். அதனைப் பேராசை என்று பெயரிடுவது குழந்தையின் சிந்தனையைக் காணாது விடுவதாகும். தன்னடக்கம் குழந்தையினுள் மட்டும் உறைவதன்று. குழந்தைக்கும் பெரியோர்க்கும் இடையிலான நம்பிக்கையில் வேர்கொண்டது.

பிறர்மனம் அறிதலும் உறவும்

ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஹெய்ன்ஸ் விம்மர், யோசஃப் பெர்னர் ஆகியோர் 1983இல் வெளியிட்ட ஆய்வு பிறர்மனம் அறிதலை அளக்கும் வழியொன்றைத் தந்தது. மாக்ஸி என்னும் சிறுவன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு வெளியே செல்கிறான். அவன் இல்லாதபோது தாய் அதனை வேறோர் அலமாரிக்கு மாற்றிவிடுகிறாள். திரும்பி வரும் மாக்ஸி எங்கே தேடுவான் என்பது வினா. மூன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளுள் ஒருவரும் இரு கதைகளிலும் சரியாக விடையளிக்கவில்லை. நான்கு முதல் ஆறு வயதுடையோரில் 57 விழுக்காட்டினரும், ஆறு முதல் ஒன்பது வயதுடையோரில் 86 விழுக்காட்டினரும் விடையளித்தனர். பின்னர் எளிமையாக்கப்பட்ட சோதனைகளில் ஐந்து வயதளவிலேயே பெரும்பாலானோர் தேர்ச்சியடைந்தனர். கனடா, இந்தியா, பெரு, சமோவா, தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகளில் நிகழ்த்தப்பெற்று 2005இல் வெளியான ஒப்பாய்வும் ஏறத்தாழ இதே வயதைச் சுட்டியது.

இதன் சமூக விளைவுகள் வீட்டிலும் தெருவிலும் வெளிப்படுகின்றன. கண்ணாமூச்சி ஆட்டத்தில் மூன்று வயதுக் குழந்தை தன் கண்களைப் பொத்திக்கொண்டு நடுக்கூடத்தில் நின்று, தான் ஒளிந்துவிட்டதாகக் கருதுவதுண்டு. ஒளிந்த இடத்திலிருந்து ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று குரல் கொடுப்பதும் உண்டு. தனக்குத் தெரிவது தேடுபவர்க்குத் தெரியாது என்பதை மனத்தில் நிறுத்தும் வரை அவ்வாட்டம் நிறைவுபெறுவதில்லை. இவ்வாறே, தான் பறித்த பொம்மைக்காக மற்றொரு குழந்தை ஏன் அழுகிறது என்பதைக் காரணத்தோடு உணர்தல், தவறி மிதித்ததையும் வேண்டுமென்றே மிதித்ததையும் வேறுபடுத்தல், விட்டுக்கொடுத்து ஆட்டத்தைத் தொடர்தல் ஆகிய அனைத்தும் பிறர்மனம் அறிதலைச் சார்ந்துள்ளன.

எனினும் பிறர்க்கு இரங்கல் இத்திறன் வந்த பின்னரே தோன்றுகிறது என்று கொள்ளுதல் பிழையாகும். இரண்டு வயதுக்கு முன்னரே குழந்தைகள் அழுபவரைத் தேற்ற முயல்கின்றனர். ஆயின் தனக்குத் தேற்றம் தரும் தன் பொம்மையையே நீட்டுகின்றனர். இரக்கம் முன்னே வருகிறது. மற்றவர்க்கு வேண்டியது எது என்று அறியும் சிந்தனை பின்னே வந்து அதற்கு வழிகாட்டுகிறது.

திறன் வளர்ச்சியின் இருமுகம்

சிந்தனைத் திறன் வளர்ந்தால் நடத்தை தானே சீராகும் என்னும் எளிய முடிவுக்குப் பொய் கூறல் தடையாக நிற்கிறது. பொய் கூறுவதற்கு உண்மையை மறைத்து வைக்கும் தன்னடக்கம் வேண்டும். கூறிய பொய்யை நினைவில் ஏந்தவேண்டும். கேட்பவர் என்ன அறிவார் என்று உணரவேண்டும். விக்டோரியா தல்வார், காங் லீ ஆகியோரின் ஆய்வுகள் இத்தொடர்பை உறுதிசெய்தன. திரும்பிப் பார்க்கக் கூடாதென்று சொல்லப்பட்ட பொம்மையைப் பார்த்துவிட்டு ‘பார்க்கவில்லை’ என்று மறுக்கும் குழந்தை, ‘அது என்னவாக இருக்கும்?’ என்று கேட்டதும் அதன் பெயரைச் சரியாகக் கூறி அகப்பட்டுக்கொள்கிறது. வயது ஏற ஏற இவ்வாறு அகப்படுவது குறைகிறது. நான்கு வயதுக் குழந்தையின் முதற்பொய் அறவீழ்ச்சியின் தொடக்கம் என்பதைவிட, பிறர்மனம் அறியத் தொடங்கியதன் அடையாளம் எனல் பொருந்தும். பொய் நன்றென்பது இதன் பொருளன்று. உண்மையின் மதிப்பைக் கற்பித்தற்குரிய காலம் அப்போதுதான் தொடங்குகிறது என்பதே பொருள்.

ஜான் சட்டன், பீட்டர் ஸ்மித், ஜான் ஸ்வெட்டன்ஹாம் ஆகியோர் 7 முதல் 10 வயதுக் குழந்தைகளிடம் நிகழ்த்தி 1999இல் வெளியிட்ட ஆய்வும் இங்கு நினையத்தக்கது. பிறரைத் துன்புறுத்தும் குழுவுக்குத் தலைமை ஏற்கும் பிள்ளைகள், பிறர் எண்ணத்தை ஊகிக்கும் சோதனைகளில் தம்மைப் பின்தொடர்வோரையும் தம்மால் துன்புறுவோரையும் விட உயர்ந்த மதிப்பெண் பெற்றனர். பிறர்மனம் அறிதல் ஒரு கருவி. அது அன்புக்கும் துணைபோகும், வன்மைக்கும் துணைபோகும். ஆகவே சிந்தனைத் திறன் நன்னடத்தைக்கு இன்றியமையாதது எனினும் தன்னளவில் போதியதன்று. அத்திறன் எத்தகைய உறவுகளுக்கிடையே பயிலப்படுகிறது என்பதே அதன் திசையை வரையறுக்கிறது.

மொழியின் பங்கு

குழந்தை தனக்குத் தானே பேசிக்கொள்ளும் பேச்சை ஜீன் பியாஜே 1923இல் தன்மையப் பேச்சு என்று விளக்கினார். வயது முதிர அது மறைந்துபோவது என்றார். லெவ் வைகாட்ஸ்கி 1934இல் வெளியான நூலில் இதனை மறுத்தார். பிறர் குழந்தைக்குக் கூறிய சொல், குழந்தை தனக்குத் தானே கூறும் சொல்லாகி, பின்னர் ஒலியற்ற அகச்சொல்லாக மாறி நடத்தையை நெறிப்படுத்துகிறது என்பது அவர் கொள்கை. சூடான பாத்திரத்தின் அருகே நின்று ‘தொடக்கூடாது, தொடக்கூடாது’ என்று முணுமுணுக்கும் குழந்தை, தாயின் சொல்லைத் தன் கட்டுப்பாடாக மாற்றிக்கொண்டிருக்கிறது. அம்முணுமுணுப்பைத் தேவையற்ற பேச்சென்று அடக்குவது வளர்ச்சியின் ஒரு படியை அடக்குவதாகும்.

பிறர்மனம் அறிதலுக்கும் மொழிக்கும் உள்ள தொடர்பு 104 ஆய்வுகளைத் தொகுத்து 2007இல் வெளிவந்த மதிப்பாய்வில் நிறுவப்பட்டது. ஒருவரின் எண்ணத்தை மற்றொரு வாக்கியத்தினுள் அடக்கிக் கூறும் தொடரமைப்பு இத்திறனுக்கு உதவுகிறது என்று ஜில் டி வில்லியர்ஸ் முதலியோர் கருதுவர். இவ்விடத்தில் தமிழின் அமைப்புச் சிறப்பாகக் கருதத்தக்கது. ‘சாக்லேட் அங்கே இருக்கிறது என்று நினைத்தான்’ என்னும் தொடரில் எண்ணத்தை ஏந்தி நிற்கும் ‘என்று’, ‘என்’ என்னும் சொல்லுதற்பொருள் வினையின் எச்சமாகும். தமிழில் பிறர் சொன்னதும் பிறர் எண்ணியதும் ஒரே இலக்கண வாயிலின் வழி வாக்கியத்திற்குள் வருகின்றன. ‘வந்தானாம்’ என்பதிலுள்ள ‘ஆம்’, செய்தி கூறுவோன் நேரில் கண்டதன்று, கேட்டறிந்தது என்று உணர்த்துகிறது. பாட்டி கூறும் கதைகளில் ‘ஒரு ராஜா இருந்தானாம்’ என்று தொடங்குமிடத்திலேயே அறிவின் மூலம் பற்றிய குறிப்பு குழந்தையின் செவிக்கு எட்டுகிறது. இவ்வமைப்புகள் தமிழ்க் குழந்தைகளின் பிறர்மனம் அறியும் திறனோடு எவ்வாறு இயைகின்றன என்பது மொழியியலும் உளவியலும் இணைந்து ஆராய வேண்டிய களமாகும்.

பிள்ளைத்தமிழும் மரபு விளையாட்டுகளும்

குழந்தையின் வளர்ச்சியைப் பருவங்களாகப் பகுத்து நோக்கும் இலக்கிய வகை பிள்ளைத்தமிழ். பத்துப் பருவங்களையும் மூன்றாம் மாதம் முதல் இருபத்தொன்றாம் மாதம் வரை வகுப்பது பாட்டியல் மரபில் காணப்படும் முறைகளுள் ஒன்று. இது புலவர் மரபேயன்றி உளவியல் பதிவன்று. எனவே இதனைச் சான்றாகக் கொள்ளுதல் பொருந்தாது. ஆயினும் குழந்தையை வழிப்படுத்தும் பேச்சு எத்தகையது என்பதற்கு இரு பருவங்கள் நல்ல ஒப்புமை தருகின்றன.

அம்புலிப் பருவத்தில் நிலவைக் குழந்தையோடு விளையாட அழைக்கையில் சாமம், பேதம், தானம், தண்டம் என்னும் நான்கு உபாயங்களும் கையாளப்படுகின்றன. குழந்தையை வழிப்படுத்தும் பெரியோரின் உபாயங்களும் பெரும்பாலும் இவையே: இன்சொல், பிற பிள்ளையோடு ஒப்பிடல், தின்பண்டம், அச்சுறுத்தல். நான்கும் கேட்பவரின் விருப்பத்தை மாற்ற முயல்வன. கேட்டதைச் செய்யும் ஆற்றல் அவரிடம் உண்டு என்று முன்னரே கொள்வன. ஆற்றலே வளர்ந்துகொண்டிருக்கும் மூன்று வயதுக் குழந்தையிடம் இந்நான்கும் ஓரெல்லைக்கு அப்பால் பயன்படாமைக்குக் காரணம் இதுவே.

ஆண்பாற் பிள்ளைத்தமிழின் சிற்றில் பருவத்தில் மணலால் வீடு கட்டிய சிறுமியர், அதனைச் சிதைக்க வரும் பிள்ளையிடம் சிதையாதே என்று வேண்டுகின்றனர். தாம் கட்டிய உழைப்பையும் சிதைந்தால் தமக்கு எய்தும் வருத்தத்தையும் எடுத்துரைக்கின்றனர். பிறர் மனம் இங்குச் சொல்லில் வைத்துக் காட்டப்படுகிறது. ‘அடிப்பேன்’ என்பதற்கும் ‘நாங்கள் எவ்வளவு நேரம் கட்டினோம் தெரியுமா’ என்பதற்கும் உள்ள வேறுபாடு, அச்சத்தால் நிறுத்துவதற்கும் சிந்தனையால் நிறுத்துவதற்கும் உள்ள வேறுபாடாகும்.

பாவனை விளையாட்டின் ஆற்றலைச் சோவியத் ஆய்வாளர் மனுய்லென்கோ 1948இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. அசையாமல் நிற்குமாறு வெறுமனே பணிக்கப்பட்டபோது விரைவில் அசைந்த குழந்தைகள், காவலாளியாக நடிக்கும் விளையாட்டில் நெடுநேரம் அசையாது நின்றனர். சிற்றில் இழைத்தலும் சிறுசோறு ஆக்கலும் இத்தகைய பாவனை விளையாட்டுகளே. ‘நீ அம்மா, நான் கடைக்காரர்’ என்று பாத்திரம் ஏற்ற குழந்தை, அப்பாத்திரத்தின் விதிக்குத் தானே விரும்பிக் கட்டுப்படுகிறது. பாண்டியாட்டம் கோட்டை மிதியாமல் நிறுத்தும் அடக்கத்தையும் தன் முறைக்குக் காத்திருப்பதையும் வேண்டுகிறது. பதினான்கு குழிகளில் காய் இடும் பல்லாங்குழி, சற்று வளர்ந்த குழந்தைகளின் செயல்நினைவுக்கு வேலை தருகிறது. விடுகதை, விடையறிந்தவர் அறியாதவரின் நிலையில் நின்று குறிப்புத் தருமாறு செய்கிறது. இவை இத்திறன்களை எந்த அளவு வளர்க்கின்றன என்பதைத் தனியே அளந்தறிதல் வேண்டும். இவை அத்திறன்களைப் பயன்படுத்துமாறு வேண்டுகின்றன என்பது ஆட்டத்தின் அமைப்பிலிருந்தே புலனாகும்.

வகுப்பறைக்கும் இல்லத்திற்கும் பெறப்படுவன

நியூசிலாந்தின் டுனெடின் நகரில் 1972-73இல் பிறந்த 1,000க்கு மேற்பட்டோரைத் தொடர்ந்து ஆராய்ந்த டெரி மோஃபிட் குழுவினர், குழந்தைப் பருவத் தன்னடக்கத்திற்கும் 32ஆம் வயதின் உடல்நலம், பொருள்நிலை ஆகியவற்றுக்கும் தொடர்புண்டு என்று 2011இல் அறிவித்தனர். இத்தொடர்பு குடும்ப வசதி, நுண்ணறிவு ஆகியவற்றைக் கணக்கில் கொண்ட பின்னரும் நின்றது. எனவே முன்பருவத்தில் இத்திறன்களைக் கருத்தோடு பேணுதல் வேண்டும். தனித்த கணினிப் பயிற்சிகளால் பெறும் முன்னேற்றம் அப்பயிற்சிக்கு அப்பால் பரவுவது அரிது என்பதால், அன்றாட வாழ்விலேயே இத்திறன்கள் பயிலப்படுதல் தக்கது.

மேற்கண்ட ஆய்வுகளிலிருந்து பின்பற்றத்தக்க சில நெறிகள் பெறப்படுகின்றன. ஒரு செயலிலிருந்து மற்றொன்றுக்கு மாறுமுன் குழந்தைக்கு முன்னறிவிப்புத் தருதல் நன்று. ஒரே சமயத்தில் பல கட்டளைகளை அடுக்காமல் ஒவ்வொன்றாகக் கூறுதல் செயல்நினைவின் சுமையைக் குறைக்கும். வரிசையில் நிற்கும் நேரத்தில் தரையில் கால்தடம் வரைந்து காட்டுவதும் பாட்டொன்று பாடச் செய்வதும், ‘பேசாமல் நில்’ என்னும் கட்டளையைவிடப் பயன் தரும். சண்டை எழுந்தால் ‘யார் முதலில் அடித்தது?’ என்று கேட்பதோடு நில்லாமல், ‘அவன் என்ன நினைத்திருப்பான்?’ என்று கேட்கலாம். கொடுத்த வாக்கைக் காத்தல் இவை அனைத்திற்கும் அடிப்படையாகும்.

இந்தியாவின் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்கு உரியது. அதன் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. அவ்வயதுக்கும் கீழ்ப்பட்ட குழந்தைகளிடம் இத்திறன்கள் மேலும் இளமையாக இருத்தலின், அத்தடையின் நியாயம் அவர்களுக்கு இன்னும் மிகுதியாகப் பொருந்தும். அச்சம் ஒரு செயலை அக்கணத்தில் நிறுத்தலாம்; அடுத்த முறை தானே நிறுத்திக்கொள்ளும் ஆற்றலைத் தருவதில்லை.

முடிவுரை

முன்பருவக் குழந்தையின் நடத்தை அதன் குணத்தை நேரே காட்டுவதன்று. விதியை அறிதலுக்கும் விதிப்படி ஒழுகுதலுக்கும் இடையே தன்னடக்கம், செயல்நினைவு, மனநெகிழ்வு, பிறர்மனம் அறிதல் என்னும் திறன்கள் நிற்கின்றன. அவை மூன்றிலிருந்து ஆறு வயதுக்குள் விரைந்து வளர்கின்றன. ஆனால் நம்பிக்கை, மொழி, விளையாட்டு ஆகியவற்றின் துணையின்றி நற்றிசையில் வளர்வதில்லை. பொய் கூறலும் வன்மைக்குத் தலைமையேற்றலும் காட்டுவதுபோல, திறன் மட்டும் நன்மையாகிவிடாது.

‘வரிசையில் போகவேண்டும்’ என்று கூறிவிட்டு ஓடிய குழந்தை, ஆசிரியரை ஏமாற்றவில்லை. தான் அறிந்ததை உண்மையாகவே கூறியது. அறிந்தபடி நிற்க அதற்கு இன்னும் இயலவில்லை. ‘அடங்காத பிள்ளை’ என்ற பெயரை இடுமுன், ‘இதற்கு எது தெரியாது?’ என்பதோடு ‘எது இன்னும் இயலாது?’ என்றும் கேட்கும் வழக்கம் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் வேரூன்றுமாயின், தண்டனைக்குரியதாகக் கருதப்பட்ட கணங்கள் பல கற்பித்தலுக்குரிய கணங்களாக மாறும்.